உண்ணிச்செடியும் ஊர்ப் பொறுப்பும்

நன்செய் நிலத்தில் முளைக்கும் களைக்கு ஆயுள் குறைவு. அந்நிலத்திற்கு உடையவர் ஒருவர் இருக்கிறார். களை தலைகாட்டிய சில தினங்களுக்குள் ஆள் விட்டு எடுத்துவிடுகிறார். எடுக்கத் தவறினால் அதன் நஷ்டம் அந்தப் போகத்திலேயே அவருக்குப் புலனாகிவிடுகிறது. ஆனால் வேலியோரத்திலும், வண்டித்தடத்தின் இரு மருங்கிலும், மேய்ச்சல் புறம்போக்கிலும், காட்டை அடுத்த கரம்பிலும் முளைக்கும் களையைக் குறித்துக் கேட்பார் எவருமில்லை. பட்டாதாரர் அது தம் எல்லைக்கு வெளியே இருக்கிறதென்று விட்டுவிடுகிறார். ஊராட்சியார் அது பயிரைத் தொடவில்லையே என்று விட்டுவிடுகின்றனர். இருவரும் விட்ட இடத்தில் செடி தழைத்து, பழுத்து, விதை பரப்பி, பின்னர் இருவருடைய நிலத்திலும் புகுந்துவிடுகிறது.

இவ்வாறு கேட்பாரற்ற இடம் பார்த்துக் குடியேறி, பிறகு உடையவர் உள்ள பூமியையும் கவர்ந்துகொள்ளும் செடிகளுள் உண்ணிச்செடி முதன்மையானது. நீலகிரி, கோயமுத்தூர், ஈரோடு, சேலம், தருமபுரி முதலிய ஜில்லாக்களில் மலையடிவாரக் கிராமங்களில் வசிப்போருக்கு இதனை அறிமுகம் செய்யவேண்டுவதில்லை. இதனை ஒழிப்பது பற்றி நம்மவர்களிடையே இரண்டு எண்ணங்கள் பரவியிருக்கின்றன. ஒன்று, வெட்டிப் போட்டால் போதும் என்பது. மற்றொன்று, முற்காலத்தில் சப்பாத்திக்கள்ளியை ஒரு பூச்சி அழித்ததுபோல் இதனையும் ஏதேனும் ஒரு பூச்சி வந்து அழித்துவிடும் என்பது. இவ்விரண்டும் ஈடேறாதவை என்பதையும், ஊரார் ஒருங்குகூடி வேரோடு களைந்து, குறைந்தது மூன்று வருஷமேனும் விடாமல் கண்காணிப்பதே இதற்குத் தக்க பரிகாரம் என்பதையும் எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செடியின் வரலாறு

உண்ணிச்செடி நமது தேசத்துச் செடியன்று. இதன் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் உஷ்ணப் பிரதேசங்கள். தாவர நூலார் இதனை லன்டானா கமாரா என்று அழைக்கின்றனர். இப்பெயரை 1753-ம் வருஷத்தில் வழங்கியவர் ஸ்வீடன் தேசத்து அறிஞர் லின்னேயஸ். அதற்கு முன்னரே, 17-ம் நூற்றாண்டில், டச்சுக்காரர்கள் இச்செடியைத் தங்கள் தேசத்திற்குக் கொண்டுபோய்ப் பூந்தோட்டங்களில் வைத்தனர். ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் இதன் பல ஜாதிகளை ஒன்றோடொன்று கலந்து, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, ரோஜா, வெள்ளை என்று பல நிறப் பூக்கள் கொண்ட கலப்பினங்களை உண்டுபண்ணினர். அங்கே கடுங்குளிர் இச்செடிக்கு ஒரு கடிவாளமாக இருந்தது. அத்தகைய கடிவாளமில்லாத தேசங்களுக்கு அதே கலப்பினங்கள் கப்பலேறின.

இந்தியாவிற்கு இது 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரத் தோட்டத்தின் வழியாக வந்தது. இலங்கைக்கு 1826-ம் வருஷத்தில் தாவரத் தோட்டத்தின் வாயிலாகவே வந்து சேர்ந்தது. அழகிற்காகவும் வேலிக்காகவும் பங்களாக்களைச் சுற்றி வைக்கப்பட்ட செடி, வேலியைத் தாண்டிக் காட்டிற்குள் சென்றது. அது இன்று எவ்வளவு தூரம் சென்றிருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 2020-ம் வருஷத்தில் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, இந்தியக் காடுகளில் 1,50,000 சதுர கிலோமீட்டருக்கு அதிகமான பரப்பில் இச்செடி பரவியிருக்கிறது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால் இக்கணக்கின் பொருள் விளங்கும்.

பரவும் வேகத்திற்கும் ஓர் உதாரணம் நமக்கு அருகிலேயே கிடைக்கிறது. சத்தியமங்கலம் காடுகளை அடுத்துக் கர்நாடக ராஜ்யத்தில் பிலிகிரிரங்கன் மலை இருக்கிறது. அங்கே ஆராய்ச்சியாளர்கள் குறித்துவைத்த சோதனைப் பாத்திகளில் 1997-ம் வருஷத்தில் நூற்றுக்கு 41 பாத்திகளில் காணப்பட்ட இச்செடி, 2008-ம் வருஷத்தில் நூற்றுக்கு 81 பாத்திகளில் காணப்பட்டது. பதினோரு வருஷத்தில் இரட்டிப்பான களையை, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பது எவ்வளவு விபரீதம் என்பதைக் குடியானவர்களே சொல்லிக்கொள்ளலாம்.

வெட்டியும் சாகாத காரணம்

ஓர் எதிரியின் பலத்தை அறியாமல் அதனோடு போர் தொடுப்பது வீண் செலவு. உண்ணிச்செடியின் பலம் மூன்று இடங்களில் இருக்கிறது.

முதலாவது, அதன் பழம். கொத்துக் கொத்தாகப் பச்சை நிறத்தில் காய்த்து, கருநீலமாகப் பழுக்கும் இச்சிறு பழங்களை மைனாக்களும் கொண்டைக்குருவிகளும் மிகுந்த ஆவலோடு உண்ணுகின்றன. உண்ட பறவை எந்த மரத்தில் போய் அமர்கிறதோ அந்த மரத்தடியில் விதை விழுகிறது. நன்றாக வளர்ந்த ஒரு செடி வருஷத்திற்குப் பன்னீராயிரம் பழம் வரையில் தரக்கூடும் என்று கணக்கிட்டிருக்கின்றனர். ஒருவருடைய எல்லையில் பத்துச் செடிகளே நிற்பதாக வைத்துக்கொள்வோம். அவை அவ்வாறு பழுத்தால் ஒரு வருஷத்தில் 1,20,000 பழம் ஆகிறது. இவற்றுள் ஆயிரத்தில் ஒன்று மாத்திரம் செடியாகிப் பிழைத்தாலும் 120 செடிகள் ஊரெங்கும் புதிதாக முளைக்கும். தம் வேலியில் பத்துச் செடி நிற்பது தம் சொந்த விஷயம் என்று எந்தப் பட்டாதாரரும் சொல்வதற்கில்லை.

இரண்டாவது, அதன் வேர்க்கழுத்து. தண்டும் வேரும் சேரும் இடம் மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அரிவாளால் தரைமட்டத்தில் வெட்டினால் இந்தக் கழுத்துப் பாகம் மண்ணுக்குள் பத்திரமாக நிற்கிறது. அடுத்த மழையில் ஒரு தண்டு இருந்த இடத்தில் பல தண்டுகள் துளிர்க்கின்றன. தீ வைத்தாலும் இதே பலன்தான். மேலே உள்ளது எரிந்து போகிறது. கீழே உள்ளது தளிர்க்கிறது. இடையில் நல்ல புல்லும் மரக்கன்றும் மாத்திரம் கருகிப் போகின்றன. தாழ்ந்த கிளைகள் ஈரமண்ணில் படிந்த இடத்திலும் வேர்விட்டுப் புதுச்செடி உண்டாவதுண்டு.

மூன்றாவது, அதன் நிழல். அடர்ந்து வளர்ந்த உண்ணிப் புதருக்கு அடியில் வெயில் இறங்குவதில்லை. ஆதலால் புல் முளைப்பதில்லை. இலைகளிலிருந்தும் வேரிலிருந்தும் வெளிப்படும் சில சத்துகள் மற்றச் செடிகளின் முளைப்பைத் தடுக்கின்றன என்றும் ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். ஆகவே ஒரு முறை இடம் பிடித்துக்கொண்ட உண்ணிச்செடி, தனக்குப் போட்டியாக வேறொன்று எழும்பாதபடி தானே காவல் செய்துகொள்கிறது.

மேய்ச்சலுக்கும் கால்நடைக்கும் நேரும் கேடு

இச்செடியால் உண்டாகும் நஷ்டத்தில் முதலாவதாகச் சொல்லத்தக்கது மேய்ச்சல் நிலம் குறைவது. புல்லுக்கு இடமில்லாது போனால் ஆடுமாடு வைத்திருக்கும் ஏழைக் குடிகள் முதலில் பாதிக்கப்படுகின்றனர். சொந்த நிலமுடையவருக்குச் சோளத்தட்டோ வைக்கோலோ உண்டு; நிலமற்றவருக்குப் பொது மேய்ச்சலே கதி. அம்மேய்ச்சல் அற்றுப்போனால் அவர்கள் கால்நடைகளை விற்றுவிடுகின்றனர். ஊரில் கால்நடை குறைந்தால் தொழுவுரம் குறைகிறது. கிடை போடுவதற்கு ஆடு கிடைப்பதில்லை. அந்தக் குறைவு முடிவில் நிலமுடையவரின் வயலிலேயே தெரிகிறது. ஆகவே மந்தைவெளியில் முளைத்த செடி பயிரைத் தொடவில்லை என்று சொல்வது மேலெழுந்தவாரியான பேச்சாகும்.

இரண்டாவது கேடு விஷம். உண்ணி இலையில் லன்டாடீன் என்னும் நச்சுப்பொருள் இருக்கிறது. உள்ளூரில் பழகிய மாடுகள் சாதாரணமாக இவ்விலையைத் தொடுவதில்லை. ஆனால் பஞ்ச காலத்தில் வேறு பசுமை இல்லாதபோதும், வெளியூரிலிருந்து புதிதாக வாங்கி வந்த மாட்டை அவிழ்த்துவிடும்போதும், நீண்ட தூரம் நடத்திவந்து பசியோடு மேயவிடும்போதும் ஆபத்து நேருகிறது. உண்ட விஷம் ஈரலைத் தாக்குகிறது. மாடு தீனி எடுப்பதில்லை, அசைபோடுவது நின்றுவிடுகிறது, சாணம் இறுகுகிறது, கண்ணிலும் வாயின் உட்புறத்திலும் மஞ்சள் பூக்கிறது, மூத்திரம் கறுத்த மஞ்சளாகப் போகிறது. பின்னர் வெயில் பட்ட இடங்களில், முக்கியமாக வெண்ணிறத் தோலுள்ள பாகங்களிலும் மூக்கு நுனியிலும், வீக்கமும் வெடிப்பும் புண்ணும் உண்டாகின்றன. மாடு வெயிலைக் கண்டு ஒதுங்கி நிழலைத் தேடுவது கவனிக்கத்தக்க ஓர் அடையாளம்.

இத்தகைய மாட்டை உடனே நிழலில் கட்டி, தாராளமாகத் தண்ணீர் காட்டி, தாமதமின்றிக் கால்நடை மருத்துவரை அழைக்கவேண்டும். பெருவயிறு அசையாது நின்றுவிடுவதால், உண்ட இலை உள்ளேயே தங்கி மேன்மேலும் விஷம் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆகையால் இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்பது இந்நோய்க்குப் பொருந்தாத யோசனை.

மூன்றாவது கேடு தீ. கோடையில் உலர்ந்து நிற்கும் உண்ணிப் புதர்கள் விறகடுக்கு போன்றவை. புல்லில் ஓடும் தீ தரையோடு ஓடி அணைந்துவிடும். உண்ணிப் புதரில் பற்றிய தீயோ மரங்களின் மேல் படர்ந்த கொம்புகளின் வழியாக மேலேறி மரக்கிளைகளையும் எரிக்கிறது. மேலும் காட்டில் புல்லும் தழையும் குறைந்தால், அவற்றை உண்டு வாழும் மானுக்கும் காட்டெருமைக்கும் யானைக்கும் தீனி குறைகிறது. காட்டை ஒட்டிய நிலங்களில் பயிரிடுவோருக்கு இதன் விளைவை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஊரை அடுத்த புதர்கள் பன்றிகளுக்கு மறைவிடமாவதும் பலர் கண்டதே.

பூச்சியை எதிர்பார்த்திருப்பது பற்றி

சப்பாத்திக்கள்ளியின் கதையை நம்முடைய ஊர்களில் முதியோர் வாயிலாகக் கேட்டவர்கள் பலர் இருக்கக்கூடும். அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்த செடியே. சென்னை மாகாணத்தில் அது பெருகிப் பூமியைப் பாழ்படுத்தியிருந்தபோது, 1926-ம் வருஷத்தில் இலங்கையிலிருந்து ஒரு ஜாதிச் செதிற்பூச்சி கொண்டுவரப்பட்டது. கள்ளியின் சாற்றை உறிஞ்சி வாழும் அப்பூச்சி, ஐந்தாறு வருஷங்களுக்குள் ஏறக்குறைய ஒரு லட்சம் ஏக்கர் பரப்பிலிருந்து கள்ளியை ஒழித்துவிட்டது. பூச்சியைக் கொண்டு களையை அழித்த காரியங்களுள் உலகமெங்கும் எடுத்துக் கூறப்படும் வெற்றி இது. இதனை அறிந்தவர்கள் உண்ணிச்செடிக்கும் அத்தகைய பூச்சி கிடைக்காதா என்று எண்ணுவது இயல்பே.

ஆனால் அந்த முயற்சி செய்யப்படாமல் இல்லை. 1902-ம் வருஷத்திலேயே ஹவாய்த் தீவுகளுக்கு மெக்ஸிகோ தேசத்திலிருந்து உண்ணிச்செடியைத் தின்னும் பூச்சிகள் பல கொண்டுவரப்பட்டன. நமது தேசத்தில் பூச்சியியல் நிபுணர் ஒய். ராமசந்திர ராவ், இந்தியாவிலும் பர்மாவிலும் இச்செடியில் காணப்படும் பூச்சிகளை ஊர் ஊராக ஆராய்ந்து 1920-ம் வருஷத்தில் விரிவான அறிக்கை வெளியிட்டார். இங்குள்ள எந்தப் பூச்சியும் இச்செடியை அடக்கப் போதுமானதன்று என்பதே அந்த ஆராய்ச்சியின் முடிவு. 1921-ம் வருஷத்தில் பழத்தைத் துளைக்கும் ஒரு சிறு ஈ ஹவாயிலிருந்து வரவழைக்கப்பட்டது. 1941-ம் வருஷத்தில் இலையின் சாற்றை உறிஞ்சும் ஒரு மூட்டுப்பூச்சி இனம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. இவ்விரண்டும் இன்றும் நமது புதர்களில் வாழ்கின்றன. ஈ துளைத்த பழத்தின் விதையும் முளைக்கிறது. பூச்சி அரித்து இலை உதிர்த்த செடி, மழை பெய்ததும் மறுபடி தளிர்க்கிறது.

கள்ளியில் பலித்தது உண்ணியில் பலிக்காததற்குக் காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. காட்டில் தானாக வளரும் ஒரே ஜாதிச் செடியாக இருந்தால், அந்த ஜாதியைத் தின்று பழகிய பூச்சியைத் தேடிக் கொணரலாம். உண்ணிச்செடியோ பூவின் நிறத்திற்காகப் பல ஜாதிகளைக் கலந்து மனிதர் ஆக்கிய கலப்பு. ஒரு வகையை விரும்பித் தின்னும் பூச்சி, பக்கத்திலேயே நிற்கும் மற்றொரு வகையைத் தொடுவதில்லை. தோட்டக்காரர் அழகிற்காகச் செய்த வேலையே செடிக்கு அரணாக அமைந்துவிட்டது. ஆராய்ச்சி தொடரட்டும்; அது நிபுணர்களின் கடமை. ஆனால் அதனை நம்பிக் கைகட்டியிருப்பது குடியானவர்களின் கடமையாகாது.

பயன் உண்டு என்பாருக்கு விடை

இச்செடியால் பிரயோஜனமும் உண்டே என்று சொல்வாருளர். அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. இதன் தண்டை வேகவைத்துத் தோலுரித்தால் பிரம்பு போல் வளைக்கலாம். மாதேஸ்வரன் மலையில் சோளகர் குடிகள், பெங்களூரைச் சேர்ந்த ஏட்ரீ என்னும் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியோடு, 2004-ம் வருஷம் முதற்கொண்டு இதில் நாற்காலி, மேஜை, கூடை முதலியன முடையக் கற்றுப் பிழைப்புத் தேடிக்கொண்டனர். நீலகிரிப் பகுதிப் பழங்குடிக் கைவினைஞர்கள் இத்தண்டுகளால் உண்மை உருவளவில் செய்த யானை உருவங்கள் 2021-ம் வருஷத்தில் லண்டன் மாநகரத்துப் பூங்காக்களில் காட்சிக்கு வைக்கப்பட்டுப் பலருடைய மெச்சுதலைப் பெற்றன. உலர்ந்த கொம்பு விறகாகிறது; தழை மூடாக்காகிறது.

இக்கைத்தொழில்களை ஆதரிப்பது நம் கடமை. ஆனால் ஒரு விஷயத்தை மறக்கலாகாது. நாற்காலிக்குத் தேவை முதிர்ந்த நல்ல தண்டு மாத்திரமே. அதனை வெட்டி எடுத்தபின் வேர்க்கழுத்து நிலத்திலேயே நிற்கிறது. ஆகவே தண்டை விற்பது வேறு, செடியை ஒழிப்பது வேறு. தண்டெடுப்போர் முன்னே செல்ல, வேரெடுப்போர் பின்னே செல்வதாக ஏற்பாடு செய்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று உதவியாகும். அவ்வாறன்றிப் பிரயோஜனத்தைக் காட்டிச் செடியை வளரவிடுவது, எலித்தோல் விலைபோகிறதென்று களஞ்சியத்தில் எலி வளர்ப்பதற்கு ஒப்பாகும்.

வேலிக்கு உதவுகிறதே என்பது மற்றொரு வாதம். வேலிக்கு நம்மிடம் இதைவிடச் சிறந்த செடி இருக்கிறது. காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் குடியானவர்கள் தங்கள் கொறங்காடுகளைச் சுற்றி முள்கிளுவைப் போத்துகளை நட்டு வேலியாக்கி, உள்ளே கொழுக்கட்டைப்புல்லும் இடையிடையே வெள்வேல மரமும் வளர்த்துக் காங்கேயம் மாடுகளைப் போஷித்து வருகின்றனர். கிளுவை நட்ட இடத்தில் நிற்கிறது. வெள்ளாடு அதன் தழையைத் தின்னலாம். மாடு அதனால் சாவதில்லை. தலைமுறை தலைமுறையாகச் சோதித்து அறிந்த வேலி நம் கைவசம் இருக்க, நஞ்சுடைய அந்நியச் செடியை வேலி என்று பாராட்டுவது பொருந்தாது.

களையும் முறை

டெல்லிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சி. ஆர். பாபுவும் அவரைச் சார்ந்த ஆராய்ச்சியாளர்களும் கார்பெட் புலிகள் காப்பகத்தில் கையாண்டு 2009-ம் வருஷத்தில் வெளியிட்ட முறை, அதிகச் செலவில்லாததும் குடியானவர்கள் தாமே செய்யத்தக்கதுமாகும். அதன் சாரத்தை நம் சௌகரியத்திற்கேற்பச் சொல்லுகிறோம்.

இருவர் அல்லது மூவர் ஒரு குழுவாகச் சேரவேண்டும். ஒருவர் கவைக்கோலால் கொம்புகளை ஒருபுறமாக ஒதுக்கிப் பிடிக்க, மற்றவர் செடியின் அடியில் மண்ணைச் சிறிது கொத்தி விலக்கி, தரைமட்டத்திற்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் கீழே, அதாவது சுமார் இரண்டு விரற்கடை ஆழத்தில், ஆணிவேரை வெட்டவேண்டும். வேர்க்கழுத்து முழுவதும் செடியோடு வந்துவிடுவதுதான் இதில் முக்கியம். வெட்டிய செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, வேர்ப்பாகம் வெயிலில் படும்படி அடுக்கிவிட்டால் மறுபடி வேரூன்றாமல் உலர்ந்துவிடும். மழை பெய்து மண் இளகியிருக்கும் சமயத்தில் இவ்வேலை எளிது. பழம் பழுப்பதற்கு முன்பே செய்துவிட்டால் இரட்டை லாபம். பழத்தோடு கூடிய கொம்புகளை வண்டியில் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் செல்வது, நாமே விதை விதைப்பதாகும்.

பொக்லைன் இயந்திரத்தை வைத்து ஒரேயடியாக வாரிவிடலாம் என்று சிலர் எண்ணுகின்றனர். செடி அகலும், அதனோடு மேல்மண்ணும் புல்வேரும் அகலும். கிளறிய வெற்றுமண்ணில், மண்ணுக்குள் கிடந்த உண்ணி விதைகளே முதலில் முளைக்கும். களைக்கொல்லி மருந்தை மேய்ச்சல் நிலத்திலும் ஓடைக்கரையிலும் தெளிப்பதும் நாம் சிபாரிசு செய்யத்தக்கதன்று.

செடியை எடுத்த இடத்தை வெறுமையாக விடக்கூடாது என்பது எல்லாவற்றிலும் தலையான விதி. அடுத்த மழைக்கே அங்கே கொழுக்கட்டைப்புல் முதலிய நாட்டுப் புல் விதைகளைத் தூவி, மேய்ச்சலை ஒரு பருவம் தடுத்துவைக்கவேண்டும். புல் மண்ணை மூடிக்கொண்டால் உண்ணி நாற்றுக்கு வெளிச்சம் கிடைப்பதில்லை. அப்படியும் முளைப்பவற்றை ஒவ்வொரு மழைக்காலத்திலும் கையாலேயே பறித்துவிடலாம். பறவைகள் அமரும் வேப்பமரம், வேலமரம் ஆகியவற்றின் அடியை முதலில் பார்க்கவேண்டும். விதை அங்கேதான் மிகுதியாக விழுந்திருக்கும். ஒரு வயது நாற்றைப் பறிப்பதற்கு ஒரு சிறுவனின் கை போதும். அதுவே ஐந்து வயதுப் புதரானால் இரண்டு ஆள் வேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கு

இங்கே நாம் சற்று அழுத்தமாகச் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. தமிழ்நாடு அரசாங்கத்தார் 2022-ம் வருஷத்தில் அந்நியக் களைத் தாவரங்களை அகற்றுவது பற்றியும், அவை பரவிய இடங்களை முன்னிலைக்குக் கொண்டுவருவது பற்றியும் ஒரு கொள்கையை வெளியிட்டிருக்கின்றனர். அகற்றுவதும் மீட்பதும் ஒன்றாகச் சொல்லப்பட்டிருப்பதை கவனிக்கவேண்டும். ஆனால் காரியத்தில் பல இடங்களில் அகற்றுவதோடு வேலை முடிந்துவிடுகிறது. இத்தனை ஏக்கர் வெட்டப்பட்டது என்று கணக்கு எழுதப்படுகிறது; அதற்குரிய தொகை கொடுக்கப்படுகிறது. அடுத்த வருஷம் அதே இடத்தில் அதே செடி நிற்க, அதே வேலைக்கு மறுபடி தொகை கேட்கப்படுகிறது. வெட்டிய ஏக்கருக்குப் பணம் என்னும் ஏற்பாடு இருக்கும்வரையில், செடி மீண்டும் தளிர்ப்பது ஒப்பந்தக்காரருக்கு நஷ்டமன்று, லாபமே.

ஆகையால் ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அதிகாரிகளும் பின்வரும் ஏற்பாட்டை ஆலோசிக்கவேண்டும் என்பது எமது அபிப்பிராயம். வேலை செய்யும் ஆட்களுக்குக் கூலியை அன்றன்றே குறைவின்றிக் கொடுத்துவிடவேண்டும். அதில் நிறுத்திவைத்தல் என்பது கூடாது. ஆனால் வேலையை ஒப்புக்கொண்டவருக்குச் சேரவேண்டிய தொகையில் ஒரு பாதியை மாத்திரம் செடி அகற்றியவுடன் கொடுத்து, மறுபாதியை இரண்டாம் வருஷ மழைக்குப் பின்பும் மூன்றாம் வருஷ மழைக்குப் பின்பும், அந்த இடம் உண்ணியற்றுப் புல் மூடி நிற்பதை ஊரார் முன்னிலையில் பார்த்தபிறகே கொடுக்கவேண்டும். மூன்று வருஷத்திற்கும் பணம் ஒதுக்க இயலாவிட்டால், எடுத்துக்கொள்ளும் பரப்பைக் குறைத்துக்கொள்ளலாம். முப்பது ஏக்கரை ஒரு வருஷம் வெட்டுவதைக் காட்டிலும் பத்து ஏக்கரை மூன்று வருஷம் காப்பது மேல்.

எங்கே தொடங்குவது என்பதிலும் விவேகம் வேண்டும். அடர்ந்த காட்டில் கைவைப்பதற்கு முன் ஓரங்களில் தொடங்கவேண்டும். செடி இங்கொன்றும் அங்கொன்றுமாக இருக்கும் சுத்தமான இடத்தை முதலில் காப்பாற்றி, அங்கிருந்து அடர்த்தியான பக்கம் நோக்கிச் செல்வதே முறை. ஓடைக்கரை, வண்டித்தடம், மந்தைவெளி, பிறகு கரம்பு என்று வரிசைப்படுத்திக்கொள்ளலாம். காப்புக்காட்டிற்குள் எதனையும் தொடுவதற்கு வன இலாகாவின் அனுமதி அவசியம். எல்லையிலுள்ள கிராமத்தார் வன அதிகாரிகளோடு கலந்து ஒரே பருவத்தில் இருபுறமும் வேலை செய்தால்தான் பலன் நிற்கும். ஊருக்குள்ளும் இவ்விதியே. ஒன்பது பட்டாதாரர் களைந்து, பத்தாமவர் மாத்திரம் விட்டுவைத்தால், அவருடைய வேலியே மற்ற ஒன்பது பேருக்கும் நாற்றங்காலாகிவிடும்.

இனி வருவதைத் தடுத்தல்

அழகிற்கென்று வந்து கேடு விளைத்தது உண்ணி ஒன்றுமட்டுமன்று. ஏரி குளங்களை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரையும் பூவிற்காகக் கொண்டுவரப்பட்டதே. நீலகிரிக் காடுகளில் இப்போது பரவிவரும் மஞ்சள் கொன்றையும் அழகுமரமாக வந்ததே. இவற்றை விரட்டுவதற்கு இன்று செலவாகும் பணத்தையும் உழைப்பையும் பார்க்கும்போது, வரும்முன் தடுப்பதே மலிவென்று எவரும் ஒப்புக்கொள்வர். இன்றும் நாற்றுப் பண்ணைகளில் பல நிற உண்ணிச்செடிகள் தொட்டியில் வைத்து விற்கப்படுகின்றன. பள்ளிக்கூடங்கள், கோயில் நந்தவனங்கள், ஊராட்சிப் பூங்காக்கள் ஆகியவற்றிற்குச் செடி வாங்குவோர், பறவை தின்னும் பழமுடைய அந்நியச் செடியா, ஆடுமாடு தொடாத செடியா, வெட்டினால் பல தண்டாகத் தளிர்க்கும் செடியா என்று மூன்று கேள்விகளைக் கேட்டறியவேண்டும். மூன்றிற்கும் ஆம் என்ற விடை வருமானால், அச்செடி எவ்வளவு அழகாயிருந்தாலும் ஊருக்குள் விடலாகாது. பூவிற்கு நமக்கு அரளியும் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் இருக்கின்றன.

முடிவாக ஒன்று கூறுவோம். இவ்வருஷம் மழை பெய்து மண் இளகியவுடன், ஒவ்வொரு பட்டாதாரரும் தம் எல்லையைச் சுற்றி ஒரு முறை நடந்து, அங்கே நிற்கும் உண்ணிச்செடிகளை எண்ணிப் பார்க்கட்டும். எண்ணிக்கை பத்துக்குள் இருந்தால் அன்றைக்கே வேரோடு எடுத்துவிடட்டும். அதற்கு மேற்பட்டால் அக்கம்பக்கத்தாரோடு கலந்து முறைவைத்துக்கொள்ளட்டும். ஊராட்சியார் ஒரு மந்தைவெளியை மாத்திரம் தேர்ந்தெடுத்து, மூன்று வருஷத்திற்கு அதனைக் கைவிடுவதில்லை என்று தீர்மானம் செய்யட்டும். அந்த ஒரு மந்தைவெளியில் மீண்டும் புல் எழுந்து, ஊர் மாடுகள் அங்கே மேய்வதைக் கண்டால், இரண்டாவது மந்தைவெளிக்கு ஆள் கூப்பிட வேண்டியிராது.